முழு தானியத்தில் 38 லிட்டர் பீர்: பெரிய பேட்சுக்கு மாறுகிறவர்களுக்கு

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் சாறு) டப்பாவைக் கரைத்து 19 லிட்டர் பீர் காய்ச்சிப் பழகியவர்களுக்கு அடுத்து இரண்டு ஆசைகள் வரும். தானியத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஒரே நாளில் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடலாம். 5 கேலன் (19 லிட்டர்) காய்ச்சினாலும் 10 கேலன் (38 லிட்டர்) காய்ச்சினாலும் கழுவ வேண்டிய பாத்திரங்கள் அதேதான். வேலை கூடுதலாக ஒரு மணி நேரம் இழுக்கும், அவ்வளவுதான்.

செய்முறையை இரண்டால் பெருக்கினால் தானியமும் ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) ஈஸ்டும் ஒழுங்காக இரண்டு மடங்காகிவிடும். கொதிக்கும்போது ஆவியாகும் தண்ணீர் அப்படி ஆகாது. 19 லிட்டர் பேட்சில் மணிக்கு 4 லிட்டர் ஆவியானது என்றால், 38 லிட்டரில் 8 லிட்டர் போகாது. 5, 6 லிட்டர்தான் போகும். பாத்திரத்தின் வாய் அகலமும் அடுப்பின் வேகமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆறவைக்கும் நேரம், புளிக்கும்போது உள்ளே எழும் சூடு, தூக்க வேண்டிய பாரம் ஆகியவையும் தனித்தனிக் கணக்கில் போகும். பெரிய பேட்சில் சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதனால் இந்த இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சி அளவில் அனுமதித்த சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். அதாவது 10 கேலன் பேட்சாக ஆண்டுக்கு இருபது. விற்கக் கூடாது. மாநிலச் சட்டங்கள் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 இல்தான் கடைசியாக வழிக்கு வந்தன. சிங்கப்பூரில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு, அதனால் இந்த அளவு அப்படியே பொருந்தாது, குறைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே இது அனுமதி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும்.

எதைக் காய்ச்சுகிறோம்

அமெரிக்கன் பேல் ஏல். முதல் முழு தானிய பேட்சுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை. லாகர் மாதிரி குளிர்பதனம் கேட்காது, ஸ்டவுட் மாதிரி குறைகளைக் கருக்கிய மால்ட்டுக்குள் மறைக்கவும் மறைக்காது. இந்த வகைக்கு முகவரி தந்தது காஸ்கேட் ஹாப்ஸ். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் உருவாகி 1972 இல் வெளியானது. கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் வீட்டுக் காய்ச்சலுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மன், பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை வைத்துக் கட்டிய சியரா நெவாடா ஆலையில் 1980 இல் இதே ஹாப்ஸைக் கொண்டு தன் பேல் ஏலைக் காய்ச்சினார். வீட்டுக் காய்ச்சல்காரர்களின் சொந்த வகை என்றே இதைச் சொல்லலாம்.

கொதி முடிந்து 40 லிட்டர், அதில் அடிக்கசடு 2 லிட்டர் போக புளிக்கும் கலனுக்கு 38 லிட்டர். தேவையானவை:

- பேல் மால்ட் 8.6 கிலோ
- கிரிஸ்டல் 40 மால்ட் 800 கிராம்
- மேக்னம் ஹாப்ஸ் (கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம்) 35 கிராம், 60 நிமிடம்
- காஸ்கேட் (6 சதவீதம்) 40 கிராம், கடைசி 15 நிமிடம்
- காஸ்கேட் 60 கிராம், கடைசி 5 நிமிடம்
- யு.எஸ்-05 உலர் ஈஸ்ட், 11.5 கிராம் பாக்கெட் இரண்டு

தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.052, முடிவு 1.012 வாக்கில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5.2 சதவீதம். கசப்பு 35 ஐ.பி.யு. (பீரின் கசப்பு அலகு) அளவில் நிற்கும்.

இந்த 9.4 கிலோ எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த பேட்சை நீங்களே வகுக்கலாம். ஒரு கிலோ பேல் மால்ட்டில் உள்ள சர்க்கரை முழுவதும் வெளியே வந்தால் ஒரு லிட்டரில் சுமார் 309 அடர்த்திப் புள்ளி தரும் (1.052 என்பது 52 புள்ளி). கிரிஸ்டல் சுமார் 284. முழுவதும் ஒருபோதும் வராது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 72 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்குத் தேவை 40 லிட்டர் × 52 = 2080 புள்ளி. மேலே உள்ள தானியம் 72 சதவீதத்தில் ஏறக்குறைய அதையே தரும். உங்கள் சாமான்களில் 68 வருகிறதா, 78 வருகிறதா என்பது இரண்டு மூன்று பேட்சில் தெரிந்துவிடும். எண் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சாமான்கள்

மூன்று பாத்திரங்கள் வேண்டும்: வெந்நீர்ப் பாத்திரம், தானியம் ஊறும் மேஷ் டன், கொதிகலன்.

மேஷ் டன்னுக்கு 10 கேலன் உருளை வடிவத் தண்ணீர் கூலரே போதும். அதன் கொள்ளளவு 38 லிட்டர். 28 லிட்டர் தண்ணீரும் 9.4 கிலோ தானியமும் சேர்ந்தால் 34 லிட்டர் சொச்சம் வரும், அளவாக உட்காரும். இதைவிடக் கனமான பீர் 38 லிட்டர் வேண்டுமென்றால் இந்தக் கூலர் பற்றாது. அடியில் துளைத்தட்டு போட்டு, பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் பால் வால்வ் மாட்டுங்கள். பளபளக்கும் எவர்சில்வர் மேஷ் டன் வாங்க ஆசை வரும். அந்தக் காசைப் பம்புக்கு வையுங்கள்.

கொதிகலன் 15 கேலன், அதாவது 57 லிட்டர். கொதிக்கும் முன் 46 லிட்டர் இருக்கும். 50 லிட்டர் பாத்திரத்தில் சமாளிக்கலாமே என்று தோன்றும். முதல் கொதியில் நுரை பொங்கி அடுப்பை அணைக்கும்போது அந்த எண்ணம் போய்விடும்.

அடுப்பு: திறந்த வெளியில் புரோப்பேன் பர்னர். மூடிய கராஜில் ஒருபோதும் எரிக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மின்சாரம் என்றால் அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக் போதாது. 46 லிட்டரை 70 டிகிரியிலிருந்து கொதிக்குக் கொண்டுவர மட்டும் 1.6 யூனிட் வேண்டும். 5500 வாட் ஹீட்டர் அதை இருபது நிமிடத்தில் முடிக்கும். 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் திணறும், அதன் பிறகும் கொதி தளதளவென்று இருக்காது. 240 வோல்ட் இணைப்பும் கசிவு மின் பாதுகாப்புக் கருவியும் எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் இது.

அப்புறம் பம்ப். 19 லிட்டரில் அது ஆடம்பரம், 38 லிட்டரில் அது பாதுகாப்பு. ஊறும் மேஷ் மட்டும் 37 கிலோவுக்கு மேல் இருக்கும், கொதிக்கும் வோர்ட்டோ (தானியத்திலிருந்து வடித்த இனிப்பு நீர்) பாத்திரத்தோடு 50 கிலோவைத் தாண்டும். இதைக் கையால் தூக்குவது இடுப்புக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. உணவுத் தரக் காந்தப் பம்ப் ஒன்றும் சிலிகான் குழாயும் வாங்கிவிடுங்கள். இந்தப் பம்ப் தானாக உறிஞ்சாது. பாத்திரத்துக்குக் கீழே வைத்து, வால்வைத் திறந்து, உள்ளே திரவம் நிரம்பியபின் இயக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமா? பம்பின் வெளிவாயிலில் உள்ள வால்வை மூடுங்கள், உள்வாயிலைத் தொடாதீர்கள். பம்ப் இல்லாமல் படிப்படியாக உயரத்தில் அடுக்கும் முறையும் உண்டு. தலைக்கு மேல் 30 லிட்டர் வெந்நீர் நிற்பது எனக்குப் பிடிக்காது.

புளிக்கவைக்கும் கண்ணாடிக் குடுவையான கார்பாயையும் இந்த அளவில் விட்டுவிடலாம். ஈரக் கையில் நழுவினால் ஆழமாக வெட்டும். உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளி, 30 லிட்டரில் இரண்டு, போதும்.

தண்ணீர்

குழாய் நீரில் குளோரினோ குளோரமினோ இருந்தால் பீரில் மருந்து பேண்டேஜ் வாசனை வரும். குளோரமின் கொதித்தாலும் எளிதில் போகாது. ஒரு கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துப் போட்டால் 75 லிட்டர் வரை சரியாகிவிடும். நமக்கு வேண்டியது மொத்தம் சுமார் 55 லிட்டர்தான்.

அந்தக் கணக்கு இப்படி. கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் ஊற 28 லிட்டர். தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் குடித்துவிடும், வடிவது 18.6 லிட்டர். கொதிகலனில் 46 வேண்டும், ஆகவே தானியத்தில் தங்கிய சர்க்கரையைக் கழுவி எடுக்க 27.4 லிட்டர்.

ஆர்.ஓ. தண்ணீரில் காய்ச்சினால் இந்த 55 லிட்டருக்கு 10 கிராம் ஜிப்சம் சேருங்கள். கால்சியம் லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவுக்கும் சல்பேட் 100 அளவுக்கும் ஏறும், ஹாப்ஸ் கசப்பு துலக்கமாகும். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊரின் பேல் ஏல் பெயர் வாங்கியதற்கு அங்கே கிணற்று நீரிலேயே ஜிப்சம் இருந்ததும் ஒரு காரணம். மேஷின் பி.எச். 5.2 முதல் 5.6 வரை நிற்க வேண்டும். மேலே போனால் லாக்டிக் அமிலத்தைச் சில மில்லி வீதம் விட்டு அளந்து பாருங்கள். முதல் பேட்சிலேயே இதற்கு மேல் ரசாயனத்தில் இறங்க வேண்டாம்.

காய்ச்சும் நாள்

மால்ட்டை மில்லில் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் உடைக்கவும். பருப்பு உடைய வேண்டும், உமி முழுசாகக் கிடக்க வேண்டும். அந்த உமிதான் பிறகு வடிகட்டியாக நிற்கப் போகிறது. கடையில் உடைத்து வாங்கினாலும் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். முழு மணிகள் தெரிந்தால் மறுபடி ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.

தானியம் ஊறும் வெப்பம் 67 டிகிரி. 60 முதல் 65 வரை மால்ட்டில் உள்ள பீட்டா அமிலேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாக வேலை செய்து, மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக வெட்டும். பீர் வறட்சியாக வரும். 70ஐ ஒட்டி ஆல்ஃபா அமிலேஸின் கை ஓங்கும். ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சி, பீர் கனமாக இருக்கும். 67இல் இரண்டுக்கும் இடம் உண்டு.

ஊற்றும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? 0.41ஐ தண்ணீர் விகிதத்தால் வகுத்து, வேண்டிய வெப்பத்துக்கும் தானியத்தின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வேண்டிய வெப்பத்தோடு கூட்டுங்கள். தானியம் 20 டிகிரியில் இருந்தால்: 0.41 ÷ 3 × 47 = 6.4, ஆக 73.4 டிகிரி. கூலரும் கொஞ்சம் சூட்டை இழுக்கும். ஆகவே முதலில் நாலைந்து லிட்டர் வெந்நீர் விட்டு மூடிவைத்து, பத்து நிமிடம் கழித்துக் கொட்டிவிடுங்கள்.

28 லிட்டரையும் கூலரில் விட்டபின் தானியத்தைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறவும். உப்புமாவுக்கு ரவை கொட்டும் அதே கவனம் வேண்டும். கட்டி பிடித்தால் உள்ளே மாவு காய்ந்தே கிடக்கும், அந்தச் சர்க்கரை உங்களுக்குக் கிடைக்காது. கிளறியபின் மூன்று இடங்களில் வெப்பம் பாருங்கள். கூடினால் குளிர்ந்த நீர், குறைந்தால் கொதிநீர், ஒவ்வொரு லிட்டராக. பிறகு மூடி 60 நிமிடம் விட்டுவிடவும். பெரிய பேட்சின் ஒரு நல்ல குணம் இங்கே தெரியும்: இவ்வளவு பெரிய மேஷ் கூலருக்குள் எளிதில் ஆறாது, ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி அளவே இறங்கும். திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் சரி.

அந்த நேரத்தில் கழுவும் தண்ணீரைச் சுடவையுங்கள். இரண்டு முறையாகக் கழுவ வேண்டும், 27.4 லிட்டரையும் ஒரே தடவை விட்டால் ஈரத் தானியத்தோடு சேர்ந்து 43 லிட்டராகிவிடும், 38 லிட்டர் கூலர் வழியும்.

முதல் வடிப்பு: வால்வை மெல்லத் திறந்து, வரும் கலங்கலை இரண்டு மூன்று லிட்டர் ஒரு ஜாடியில் பிடித்து மேலேயே மெதுவாக ஊற்றுங்கள். தெளிந்ததும் கொதிகலனுக்கு விடுங்கள். முழுவதும் வடிந்தபின் 75 முதல் 77 டிகிரித் தண்ணீர் 13.7 லிட்டர் விட்டு, நன்றாகக் கிளறி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலங்கலைத் திருப்பி ஊற்றி, வடிக்கவும். இன்னொரு முறையும் அப்படியே. மேலிருந்து தண்ணீரைத் தூவிக்கொண்டே ஒரு மணி நேரம் வடிக்கும் முறையில் இரண்டு மூன்று சதவீதம் அதிகம் கிடைக்கலாம். அரைக் கிலோ மால்ட் கூடப் போட்டு அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம்.

வடிப்பு நின்றுபோனால் பதற வேண்டாம். வால்வை மூடி, கிளறிவிட்டு, பத்து நிமிடம் படியவிட்டு, முன்பைவிட மெதுவாகத் திறக்கவும். கோதுமையோ ஓட்ஸோ அதிகம் போடும் பீர்களில் இது அடிக்கடி நடக்கும். அதற்குக் காய்ச்சல் சாமான் கடைகளில் நம் நெல் உமியையே கழுவிப் பையில் அடைத்து விற்கிறார்கள். அரைக் கிலோ கலந்தால் வழி திறந்துகொள்ளும்.

கொதிகலனில் 46 லிட்டர் சேர்ந்ததும் ஒரு மாதிரி எடுத்து ஆறவைத்து அடர்த்தி பார்க்கவும். 1.045 வர வேண்டும். 1.041 என்றால் கலங்காதீர்கள்: உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் அரைக் கிலோ கரைத்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். இந்தச் சோதனையைக் கொதிக்கு முன்பே செய்வதன் காரணம் இதுதான். பிறகு தெரிந்து பயனில்லை.

கொதி 60 நிமிடம். கொதி பிடிக்கும் முதல் பத்து நிமிடம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். நுரை எழுந்தால் தண்ணீர் தெளித்து அடுப்பைக் குறைக்கவும். நுரை அடங்கியபின் மேக்னம் போடுங்கள். மூடி போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. வேகவைத்த சோள வாசனை தரும் டை மெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும். 15 நிமிடம் மிச்சமிருக்கும்போது காஸ்கேட் 40 கிராம், கூடவே ஆறவைக்கும் செம்புச் சுருளையும் உள்ளே இறக்கிவிடுங்கள், கொதியிலேயே கிருமி சாகும். கடைசி 5 நிமிடத்தில் 60 கிராம்.

ஆறவைப்பது

சின்ன பேட்சுக்கு வாங்கிய 7, 8 மீட்டர் செம்புச் சுருள் இங்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அரை அங்குலக் குழாயில் 15 மீட்டர் வேண்டும், அதோடு வோர்ட் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் சுருளைச் சுற்றி மட்டும்தான் குளிரும். பம்பால் சுழலவிட்டால் நேரம் பாதியாகும்.

டெக்சாஸ் கோடையிலும் சிங்கப்பூரில் எப்போதும் குழாய் நீர் 28 டிகிரிக்குக் குறையாது, அதை வைத்து 20க்கு வர முடியாது. 35 வரை குழாய் நீரில் இறக்கிவிட்டு, பிறகு பனிக்கட்டி வாளியில் சின்ன முழுக்குப் பம்ப் போட்டு அந்த நீரைச் சுருளுக்குள் சுற்றவிடுங்கள். பனிக்கட்டியை முதலிலேயே செலவழிப்பது வீண். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஆஸ்திரேலியர்கள் வேறு வழி பிடித்தார்கள்: சூடு தாங்கும் பிளாஸ்டிக் கேனில் கொதிக்கக் கொதிக்க வோர்ட்டை நிரப்பி, காற்றில்லாமல் மூடி, மறுநாள் ஈஸ்ட் போடுவது. நன்றாகவே வேலை செய்கிறது. கடைசியில் போடும் ஹாப்ஸ் நீண்ட நேரம் சூட்டில் இருப்பதால் கசப்பு கூடும், அதைக் கணக்கில் எடுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுப்பு அணைந்த நிமிடத்திலிருந்து பீரைத் தொடும் எல்லாம் சுத்திகரித்ததாக இருக்க வேண்டும். ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி லிட்டருக்கு 1.6 மில்லி, இரண்டு நிமிட ஈரம், கழுவத் தேவையில்லை. நுரையைக் கண்டு பயப்படாதீர்கள். எவர்சில்வரில் பிளீச்சிங் திரவம் வேண்டாம், குழி விழும்.

புளிப்பு

38 லிட்டரை இரண்டு வாளிகளில் 19, 19 ஆகப் பிரியுங்கள். பெரிய பேட்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒன்றில் யு.எஸ்-05, மற்றதில் ஆங்கில ஏல் ஈஸ்டோ பெல்ஜிய செசோன் ஈஸ்டோ போட்டால் ஒரே நாள் உழைப்பில் இரண்டு பீர். ஈஸ்ட் எவ்வளவு மாற்றுகிறது என்பது குடித்தால்தான் புரியும்.

வாளிக்கு ஒரு பாக்கெட். அரைப் பாக்கெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிரிப்பதற்கு இன்னொரு காரணம் சூடு. ஈஸ்ட் வேலை செய்யும்போது வெப்பம் விடும். முதல் மூன்று நாட்களில் பீரின் உள்வெப்பம் அறையைவிட 3 முதல் 5 டிகிரி அதிகமாக இருக்கும். ஒரே பெரிய கலனில் அந்தச் சூடு வெளியேறப் பரப்பு போதாது. அறை 21 டிகிரிதானே என்று விட்டால் உள்ளே 26 ஆகி, பழ எஸ்டர்களும் தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்களும் வரும். வாளியின் பக்கவாட்டில் உணர்வானை ஒட்டி, மேலே பஞ்சு சுற்றி, பழைய ஃபிரிட்ஜை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு 18 டிகிரிக்கு வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டியில் வாளியை நிறுத்தி, உறைந்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றவும். நாலாம் நாளிலிருந்து 20, 21க்கு ஏறவிடலாம்; வெண்ணெய் வாசனை தரும் டை அசிட்டைலை ஈஸ்டே தின்றுவிடும்.

சுமார் இரண்டு வாரம். காற்றடைப்பான் குமிழ் நின்றதை நம்ப வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அடர்த்தி ஒரே எண்ணாக இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். இங்கே ரிஃப்ராக்டோமீட்டர் உதவாது, ஆல்கஹால் அதன் அளவைக் குழப்பும். ஹைட்ரோமீட்டரே வேண்டும்.

அடைப்பது

பாட்டிலில் அடைத்தால் 36 லிட்டருக்குச் சர்க்கரை 220 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலக்க வேண்டும். 355 மில்லி பாட்டில் நூறு வேண்டும். நூறு பாட்டிலைக் கழுவி, நிரப்பி, மூடி போட்டவர்கள் அடுத்த பேட்சுக்குள் கெக் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) வாங்கிவிடுவார்கள். குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் பயன்படுத்திய கார்னீலியஸ் கெக் 19 லிட்டர் பிடிக்கும். 10 கேலன் என்ற அளவு வீட்டுக் காய்ச்சலில் நிலைத்ததற்கு இந்த இரண்டு கெக் கணக்கும் ஒரு காரணம்.

கெக்கை முதலில் கார்பன் டை ஆக்சைடால் நிரப்பி, பீரைக் குழாய் வழியே அடியிலிருந்து விடுங்கள். சலசலவென்று மேலிருந்து ஊற்றினால் ஆக்சிஜன் கலந்து, ஹாப்ஸ் மணம் போய் ஈர அட்டை வாசனை வரும். 4 டிகிரியில், 10 முதல் 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஒரு வாரம் பத்து நாள் விட்டால் வாயு சரியாக ஏறிவிடும். அழுத்தத்தைக் கூட்டிக் கெக்கைக் குலுக்கினால் அன்றைக்கே குடிக்கலாம், ஆனால் எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் பாதி கெக் நுரையாகப் போகும்.

மிஞ்சிய ஈரத் தானியம் 16 கிலோவுக்கு மேல் இருக்கும், மறுநாளே நாறும். அன்றைக்கே உரக்குழிக்கோ கோழி வளர்ப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள். ஹாப்ஸ் கசடு மட்டும் நாய்க்கு எட்டாமல் குப்பைக்குப் போக வேண்டும், அது நாய்களுக்கு உயிர்க்கொல்லி. பீரை இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். காஸ்கேட் மணம் அதற்கு மேல் தங்காது.